படையெடுப்பைக் கண்டிப்பதா, விலகி நிற்பதா? கொழும்பு தந்த விடைகள்

2022 மார்ச் 2ஆம் திகதி, உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 141 நாடுகள், எதிராக 5, வாக்களிக்காமல் விலகி நின்றவை 35. அந்த 35இல் இலங்கையும் ஒன்று. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியனவும் விலகியே நின்றன. நேபாளம், பூட்டான், மாலைதீவு ஆகிய மூன்றும் கண்டனத்தின் பக்கம் கை உயர்த்தின. சிறிய நாடு பெரிய நாட்டைக் கண்டித்தால் தாங்காது என்று கொழும்பில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இந்த ஒரு வாக்குப் பட்டியலிலேயே ஆட்டம் காண்கிறது. தெற்காசியாவின் மிகச் சிறிய நாடுகளான பூட்டானும் மாலைதீவும் வாய் திறந்தன.

கேள்வி புதியதன்று. 1933 பெப்ரவரி 24ஆம் திகதி, மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியதை ஏற்க முடியாது என்ற அறிக்கை ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் வாக்கெடுப்புக்கு வந்தது. 42 நாடுகள் அறிக்கையை ஏற்றன, ஜப்பான் எதிர்த்தது, சியாம் மட்டும் விலகி நின்றது. ஆசியாவின் சிறிய நாடொன்று, தன் அயலில் எழுந்துவரும் வல்லரசு ஒன்றைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல் எடுத்த முடிவு அது. அன்று முதல் இன்று வரை இதே கேள்விக்கு வெவ்வேறு தலைநகரங்கள் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்துள்ளன. கொழும்பு அநேகமாக எல்லா விடைகளையும் ஒவ்வொரு காலத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைநகரின் பதிவேடு ஆராயத் தக்கதாகிறது.

சட்டமே சிறியவனின் அரண்

முதல் நிலைப்பாடு எளிமையானது. எல்லையை ஆயுதத்தால் மாற்றக் கூடாது என்ற விதி தளர்ந்தால் முதலில் நசுங்குவது சிறிய நாடுதான். ஆகவே எந்தப் படையெடுப்பையும், செய்தவர் யார் என்று பாராமல், அது கண்டிக்க வேண்டும். 1936 ஜூனில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் நேரில் நின்று முறையிட்டதன் சாரம் இதுவே. ஐ.நா. சாசனத்தின் 2ஆம் உறுப்புரையில் பலப்பிரயோகத் தடை இடம்பெற்றபின் இந்த நிலைப்பாட்டுக்குச் சட்ட உருவம் கிடைத்தது.

இதை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றிய ஆசிய நாடு சிங்கப்பூர் எனலாம். அதில் தமிழர் இருவரின் பங்கு பெரிது. வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராக, கம்போடியாவுக்குள் வியட்நாம் படை புகுந்ததை அணிசேரா மேடைகளிலும் விடாமல் எதிர்த்தார். பொல் பொட்டின் கொடுங்கோல் ஆட்சி அந்தப் படையெடுப்பால்தான் வீழ்ந்தது என்ற வாதம் வலுவாக இருந்தபோதும் அவர் தளரவில்லை. அவருக்குப்பின் எஸ். தனபாலன் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில், 1983இல் கிரெனடாவுக்குள் அமெரிக்கப் படை இறங்கியது. அமெரிக்காவோடு நெருக்கமாக இருந்தும், அந்தத் தலையீட்டைக் கண்டித்த பொதுச் சபைத் தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவளித்தது. 2022இல் அது ரஷ்யா மீது தானாகவே தடைகளும் விதித்தது. எதிரி செய்தாலும் நண்பன் செய்தாலும் ஒரே சொல் என்பதே இந்த மரபின் பலம்.

பலவீனமும் தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலியை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்த சர்வதேச சங்கம், தடைப் பட்டியலில் எண்ணெயைச் சேர்க்கவில்லை. சூயஸ் கால்வாயும் இத்தாலியக் கப்பல்களுக்கு மூடப்படவில்லை. 2003இல் ஈராக் மீது அமெரிக்காவும் பிரித்தானியாவும் போர் தொடுத்தபோது, அதைக் கண்டிக்கும் தீர்மானம் எதுவும் ஐ.நா.வில் நிறைவேறவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொது என்று சொல்பவர்கள், அது யார் மீது பாய்கிறது என்ற கேள்விக்கு இன்றும் திருப்தியான விடை சொல்லவில்லை.

1956: ஒரே மாதத்தில் இரு அளவுகோல்கள்

இரண்டாவது நிலைப்பாடு அணிசேராமையிலிருந்து வருவது. ஒவ்வொரு விவகாரத்தையும் அதனதன் நியாயத்தில் பார்ப்போம், எவர் முகாமிலும் சேரமாட்டோம் என்பது அதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளானது, இலங்கை ஐ.நா.வில் சேர்ந்து ஓராண்டு நிறைவதற்கு முன்பே.

1956 நவம்பர் தொடக்கத்தில் எகிப்து மீது இஸ்ரேல், பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய மூன்றும் தாக்குதல் நடத்திக்கொண்டிருக்க, புடாபெஸ்டுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. சூயஸ் தீர்மானத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது. ஹங்கேரித் தீர்மானத்தின்போது இந்தியாவோடு சேர்ந்து விலகி நின்றது. முந்தைய ஆண்டுதான் பாண்டுங் மாநாட்டில் சேர் ஜோன் கொத்தலாவல, கிழக்கு ஐரோப்பாவில் நடப்பதும் குடியேற்றவாதமே என்று பேசி நேருவைச் சங்கடப்படுத்தியிருந்தார். ஆட்சி மாறி எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க வந்ததும் அளவுகோலும் மாறிவிட்டது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நவம்பர் நடுப்பகுதியில் புதுடில்லியில் கூடிய இந்திய, இலங்கை, பர்மிய, இந்தோனேசியப் பிரதமர்கள், சூயஸ் தாக்குதலைக் கண்டித்த அதே அறிக்கையில் ஹங்கேரியிலிருந்து சோவியத் படை வெளியேற வேண்டும் என்றும் கேட்டார்கள். 1957 ஜனவரியில் ஹங்கேரி நிலைமையை விசாரிக்கப் பொதுச் சபை ஐந்து நாடுகளின் விசேட குழுவொன்றை அமைத்தபோது, அவுஸ்திரேலியா, டென்மார்க், துனீசியா, உருகுவே ஆகியவற்றோடு இலங்கையும் அதில் அமர்ந்தது. ஆர்.எஸ்.எஸ். குணவர்தன இலங்கையின் பிரதிநிதி. ஹங்கேரிக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டதால், தப்பி வந்த அகதிகளின் வாக்குமூலங்களைக் கொண்டு குழு அறிக்கை தயாரித்தது. அங்கே எழுந்தது மக்களின் தன்னெழுச்சியே என்ற முடிவுக்கு அது வந்தது. வாக்கெடுப்பில் வாய் மூடியிருந்த நாடு, விசாரணையில் தெளிவாகப் பேசியது. இந்தக் குழுவை இலங்கையில் இன்று நினைவுகூர்பவர் அரிது. நம் இராஜதந்திர வரலாற்றில் பெருமைப்படத் தக்க பக்கங்களில் ஒன்று அது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1962: தூது போன தலைநகரம்

மூன்றாவது விடை நடுவர் வேலை. தமிழ் மரபில் இதற்கு வேர் ஆழமானது. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே போய் நின்று, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று சொன்ன கோவூர்கிழாரைப் புறநானூறு காட்டுகிறது. சோழர் இருவரும் ஒரே குடி என்பதால் அந்தத் தூது செல்லுபடியானது. இரண்டு பெரிய அரசுகளுக்கு நடுவே, இருவரிடமும் கை நீட்ட வேண்டிய ஒரு தீவு போய் நின்றால் என்ன ஆகும்?

1962 ஒக்டோபர் 20ஆம் திகதி சீனப் படைகள் இந்திய எல்லையின் இரு முனைகளிலும் தாக்கின. நவம்பர் 21இல் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. இந்தியா எதிர்பார்த்தது வெளிப்படையான ஆதரவை. மேற்கு நாடுகள் ஆயுதம் அனுப்பின. மலாயாவின் துங்கு அப்துல் ரஹ்மான் சீனாவைப் பகிரங்கமாகக் கண்டித்ததோடு, இந்தியாவுக்காக ஜனநாயகப் பாதுகாப்பு நிதி என்று பணமும் திரட்டினார். அணிசேரா நண்பர்களில் பெரும்பாலோரிடமிருந்து நேருவுக்கு அப்படியான சொல் வரவில்லை. அது அவரை ஆழமாகப் புண்படுத்தியது.

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வேறு வழியை எடுத்தார். டிசம்பர் 10 முதல் 12 வரை இலங்கை, பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய ஆறு நாடுகள் கொழும்பில் கூடின. பர்மாவிலிருந்து நே வின், கம்போடியாவிலிருந்து சிஹானூக், இந்தோனேசியாவிலிருந்து சுபாந்திரியோ, கெய்ரோவிலிருந்து அலி சப்ரி. இந்தியாவின் பக்கம் மிகவும் சாய்ந்து பேசியவர் அலி சப்ரி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. யார் ஆக்கிரமிப்பாளர் என்ற கேள்வியை மாநாடு தொடவே இல்லை. தொட்டிருந்தால் பீஜிங்கின் கதவு மூடியிருக்கும் என்பது அன்றைய நியாயம்.

வெளியான யோசனைகளை உற்றுப் பார்த்தால், சொல்லாமல் விட்டதை வரைபடத்தில் சொல்லியிருப்பது தெரியும். மேற்கு முனையில் சீனா தன் இராணுவ நிலைகளை 20 கிலோமீற்றர் பின்னுக்கு எடுக்க வேண்டும். இந்தியா இருந்த இடத்திலேயே இருக்கலாம். காலியாகும் பகுதி படையற்ற வலயமாகி, இரு தரப்பின் சிவில் காவல் நிலைகளாலும் நிர்வகிக்கப்படும். பின்வாங்கும் கடமை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கப்பட்டது. கண்டனம் என்று பெயரிடாத தீர்ப்பு அது எனலாம். சிறிமாவோ பீஜிங்குக்கும், பின் 1963 ஜனவரியில் புதுடில்லிக்கும் நேரில் போனார். விளக்கங்களைப் பெற்றபின் இந்தியா யோசனைகளை முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்பதாகச் சொல்லி, காலியாகும் வலயத்துக்குள் இந்திய நிலைகள் வரக் கூடாது என்ற நிபந்தனையை வைத்தது. பேச்சுவார்த்தை தொடங்கவே இல்லை.

இதை மதிப்பிடுவோர் இரு கூறாகப் பிரிகிறார்கள். ஆக்கிரமிப்புக்கு உள்ளானவனையும் ஆக்கிரமித்தவனையும் சமமாக நிறுத்தியதே தவறு என்பது இந்தியாவில் அன்று எழுந்த குரல். போர் மறுபடி மூளாமல் இருக்க ஒரு சாக்கை இரு தரப்புக்கும் கொடுத்ததே சாதனை என்பது கொழும்பின் தற்காப்பு. போர் மூளாமைக்கு மாநாடு காரணமா, சீனா ஏற்கெனவே நிறுத்தியிருந்ததா என்பதைப் பிரித்தறிவது கடினம். இலங்கை அன்று சீனாவிடம் அரிசி வாங்கிக்கொண்டிருந்தது என்பதையும் மறந்துவிட முடியாது.

அரிசியும் எண்ணெயும்

நான்காவது விடையை எந்த அரசும் பகிரங்கமாகச் சொல்வதில்லை. ஆனால் எல்லா அரசுகளும் கணக்கில் எடுக்கின்றன. கொரியப் போரில் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவித்த ஐ.நா., 1951 மே மாதம் அதற்கு இறப்பர் உட்பட போர்ப் பொருட்களை விற்கத் தடை கோரியது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரல்ல, அதன் விண்ணப்பத்தைச் சோவியத் யூனியன் வீட்டோ செய்திருந்தது. உலகச் சந்தையில் இறப்பர் விலை சரிந்து, அரிசி விலை ஏறியிருந்தது. 1952 டிசம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனாநாயக்க பீஜிங்கில் கையெழுத்திட்ட ஐந்தாண்டு உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. டட்லி சேனாநாயக்கவின் அரசு கம்யூனிச எதிர்ப்பில் எவருக்கும் சளைத்ததல்ல. கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்ற மக்களே அந்தக் கையெழுத்தைப் போட வைத்தார்கள். பதிலாக அமெரிக்க உதவி சில ஆண்டுகளுக்கு நின்றது.

2022இல் அதே கணக்கு இன்னும் கொடிய வடிவில் வந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் தெருவில் காத்துக் கிடந்தார்கள். ஜூன் 2ஆம் திகதி, அயர்லாந்துக் குத்தகை நிறுவனமொன்றின் வழக்கில் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால், மொஸ்கோவுக்குப் புறப்படவிருந்த ஏரோஃப்ளொட் விமானம் கட்டுநாயக்கவில் நிறுத்தப்பட்டது. மொஸ்கோ இலங்கைத் தூதரை அழைத்துக் கண்டித்தது. ஏரோஃப்ளொட் இலங்கைச் சேவையை நிறுத்தியது. சில நாட்களில் உத்தரவு இடைநிறுத்தப்பட்டு விமானம் போய்விட்டது. ஜூலை 6ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ எரிபொருள் இறக்குமதிக்குக் கடன் கேட்டுப் புட்டினோடு தொலைபேசியில் பேசினார். தீர்மானத்தில் விலகி நின்றும் தப்ப முடியவில்லை. ஒரு தனியார் வழக்கு போதுமாக இருந்தது.

வயிற்றுப்பாட்டு வாதத்தின் குறை இங்கே தெரிகிறது. பசியுள்ள நாடு பேசாதிருப்பதை எவரும் பழிக்க முடியாது. ஆனால் மௌனம் அரிசியையோ எண்ணெயையோ உண்மையில் கொண்டுவந்ததா என்பதைக் காட்ட இதுவரை எவரும் கணக்கு வைக்கவில்லை. 1952இல் கிடைத்தது விற்பனை ஒப்பந்தத்தால். வாக்கை விற்றதால் அல்ல.

வயிற்றோடு இன்னொரு கணக்கும் சேர்ந்திருந்தது. ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் 2021 மார்ச்சில் இலங்கை மீதான தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு என்று நிறைவேறியபோது, இலங்கையைக் காக்க எதிர்த்து வாக்களித்தவற்றில் ரஷ்யாவும் சீனாவும் இருந்தன. அதற்கு ஓராண்டின் பின் நியூயோர்க்கில் ரஷ்யாவைக் கண்டிக்கும்படி கொழும்பை எவர் கேட்டிருக்க முடியும்? தன் மக்களுக்குச் செய்ததற்குப் பதில் சொல்ல விரும்பாத அரசு, அயலான் மக்களுக்காகப் பேசும் உரிமையையும் சேர்த்தே இழக்கிறது. 2009இல் வன்னியில் மடிந்தவர்களுக்காக உலகம் பேசாததை மறக்காத தமிழர்களுக்கு, உக்ரைன் பற்றிய இந்த மௌனம் வேறெவரையும்விடக் கூடுதலாக உறுத்த வேண்டும்.

1987: பதிலுக்குப் பதில் வந்ததா?

இன்று நீ பிறருக்காகப் பேசினால் நாளை உனக்காகப் பிறர் பேசுவார்கள் என்பது சட்ட வாதத்தின் மறைமுகமான உறுதிமொழி. இலங்கையின் சொந்த வரலாறு அதைச் சங்கடப்படுத்துகிறது.

ஜே.ஆர். ஜெயவர்தன காலத்தில் கொழும்பு கண்டிக்கத் தயங்கவில்லை. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படை வெளியேறக் கோரிய தீர்மானத்தை, இந்தியா விலகி நிற்க, இலங்கை ஆதரித்தது. 1982 நவம்பரில் ஃபோக்லாந்து தொடர்பான தீர்மானம் வந்தபோது பிரித்தானியாவின் பக்கம் நின்று எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. விக்டோரியா அணை பிரித்தானிய உதவியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1987 மே இறுதியில் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருட்களுடன் வந்த இந்தியப் படகுகளை ஜூன் 3ஆம் திகதி இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து அன்டனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து, ஏறத்தாழ 25 தொன் உணவும் மருந்தும் யாழ்ப்பாணத்தின் மேல் போட்டுவிட்டுப் போயின. அனுமதியில்லாமல் வான்வெளி மீறப்பட்டதாகக் கொழும்பு உலகத்திடம் முறையிட்டது. அயலில் ஒரு சில குரல்கள் எழுந்தன. வாஷிங்டன் வருத்தத்தோடு நின்றது. பாதுகாப்புச் சபையோ பொதுச் சபையோ தீர்மானம் எதையும் நிறைவேற்றவில்லை. எட்டு வாரங்களுக்குள் இந்திய–இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகி, இந்தியப் படை வடக்கு கிழக்கில் இறங்கியது.

கொழும்பில் இருந்து பார்த்தவர்களுக்கு அது இறைமை மீறல். முற்றுகைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தவருக்கு, தம்மை எவரோ கண்டுகொண்டார்கள் என்பதன் அடையாளம். இரண்டும் ஒரே விமானங்கள். படையெடுப்புக் கண்டனச் சட்டம் அரசின் எல்லையைக் காக்க எழுதப்பட்டது. அந்த எல்லைக்குள் தன் அரசாலேயே தாக்கப்படும் மக்களைப் பற்றி அதில் அதிகம் இல்லை. இந்த ஓட்டையை எந்த நிலைப்பாடும் இதுவரை அடைக்கவில்லை. ஓட்டையைக் காட்டி வல்லரசுகள் உள்ளே புகுவதும் உண்டு. டொன்பாஸ் மக்களைக் காக்கவே வந்தோம் என்று மொஸ்கோ சொன்னதும் அந்த வகைதான்.

கண்டனத்தால் என்ன நடக்கிறது?

போரை அது நிறுத்துவதில்லை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. 141 நாடுகளின் வாக்கால் ஒரு டாங்கியும் திரும்பவில்லை. ஆனால் கண்டனம் வேறு வேலைகளைச் செய்கிறது. அவை மெதுவாக நடப்பதால் கவனத்துக்கு வருவதில்லை. 1940இல் பால்டிக் நாடுகளைச் சோவியத் யூனியன் இணைத்ததை ஏற்க அமெரிக்கா மறுத்தது. 1991இல் அவை பழைய அரசுகளின் தொடர்ச்சியாகவே மீண்டும் எழுந்தன. 1975இல் இந்தோனேசியா பிடித்த கிழக்குத் திமோர் பற்றிய தீர்மானங்களுக்கு ஆண்டுக்காண்டு ஆதரவு குறைந்துகொண்டே வந்தது. எனினும் அந்த இணைப்பை ஐ.நா. ஏற்கவில்லை, 1999இல் வாக்கெடுப்புக்கு வழி பிறந்தபோது அந்த மறுப்பு உதவியது.

இலங்கையர் நேரடியாகப் பலன் கண்ட சம்பவமும் உண்டு. 1990 ஓகஸ்ட் 2இல் குவைத்துக்குள் ஈராக் புகுந்தபோது, அங்கே வேலை பார்த்த இலங்கைப் பணிப்பெண்கள் சம்பளத்தையும் பெட்டியையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பாதுகாப்புச் சபை கண்டனத்தோடு நிற்காமல் இழப்பீட்டு ஆணைக்குழுவொன்றையும் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து அது வழங்கிய மொத்தம் 52.4 பில்லியன் டொலர். கடைசித் தவணை 2022 தொடக்கத்தில். பணம் பெற்றவர்களில் இலங்கைத் தொழிலாளர்களும் இருந்தனர். கண்டனத்தின் பின்னால் வசூலிக்கும் கை இருந்ததால் அது சாத்தியமாயிற்று. ரஷ்யா வீட்டோ வைத்திருக்கும் பாதுகாப்புச் சபையில் உக்ரைனுக்கு அப்படியொன்று அமைவது இப்போதைக்குக் கடினம்.

இழப்பீட்டை வேண்டாம் என்று சொன்னதும் இதே தலைநகரம்தான். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், களனித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் நிதி அமைச்சருமான ஜெயவர்தன, தம்மபதத்தின் வழியில் பேசி, இலங்கை இழப்பீடு கோராது என்றார். ஜப்பானின் காமகுராவில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. களனி கங்கையின் புதிய பாலம் 2021இல் ஜப்பானியக் கடனுதவியில் எழுந்தது. இதை மன்னிப்புக்குக் கிடைத்த வட்டி என்று படிப்பவர்கள் ஒன்றை விடுகிறார்கள்: மன்னித்தபோது ஜப்பான் தோற்றிருந்தது, அதன் படைகள் வெளியேறியிருந்தன. படை இன்னும் உள்ளே நிற்கும்போது அந்த உரையை முன்னுதாரணமாகக் காட்டுவது பொருந்தாது.

இன்னும் தீராதவை

இந்த விடைகளில் எதையும் முழுமையாக ஏற்க இயலவில்லை. பேசினால் பதிலுக்குப் பேசுவார்கள் என்பதை 1987 பொய்யாக்குகிறது. பேசாதிருந்தால் பாதுகாப்பு என்பதை 2022 ஜூனில் நின்ற விமானம் பொய்யாக்குகிறது. நடுவராக இருக்க வேண்டுமென்றால் இரு தரப்பும் மதிக்கும் தகுதி வேண்டும். 1962இல் கொழும்புக்கு அது ஓரளவு இருந்தது, இன்று இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை. 2023 ஒக்டோபரில் காஸாவில் போர் நிறுத்தம் கோரிய பொதுச் சபைத் தீர்மானத்தை ஆதரித்த இலங்கை, அதே ஆண்டு இறுதியில் இஸ்ரேலியப் பண்ணைகளுக்குத் தொழிலாளரை அனுப்பத் தொடங்கியது.

ஆயினும் சான்றுகள் ஒரு பக்கம் சற்றே சாய்கின்றன. விலகி நிற்பதற்குச் சொல்லப்படும் ஆதாயம் நிறுவப்படவில்லை. கண்டனத்தின் மெதுவான பலன்களுக்கோ பால்டிக் முதல் குவைத் வரை சான்றுண்டு. ஹங்கேரிக் குழுவில் செய்ததைப் போல, வாக்கில் தயங்கினாலும் உண்மையைப் பதிவுசெய்யும் வேலையில் சிறிய நாடொன்று முன்னிற்க முடியும் என்பதற்கும் நம்மிடமே முன்னுதாரணம் இருக்கிறது. 2022க்குப் பின் அத்தகைய வேலை எதையும் கொழும்பு ஏற்கவில்லை. இலங்கையின் முன்னாள் இராணுவத்தினர் உக்ரைன் போரில் கூலிக்குச் சேர்ந்து மடிவதை 2024இல் அரசே ஒப்புக்கொண்டபின் கூட, போர் நமக்குத் தூரத்து விவகாரம் என்று சொல்ல இடமில்லை.

இவ்வளவு கனமான வாக்குகளை வெளிவிவகார அமைச்சும் அமைச்சரவையும் தீர்மானிக்கின்றன. பாராளுமன்றத்தின் முன்னனுமதி அதற்குத் தேவையில்லை. 1956இலும் 1980இலும் 1982இலும் 2022இலும் எந்த நியாயத்தில் கை உயர்ந்தது அல்லது தாழ்ந்தது என்பதை வாக்களிப்பதற்கு முன்பே மக்கள் சபையில் வாதாட வேண்டியிருந்தால் விடைகள் வேறாக இருந்திருக்குமா? அதை இலங்கை இன்னும் செய்து பார்க்கவில்லை.